மிசினிடம் பூக் கேட்ட நாள்

தமிழினிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் சூடான காது அன்று முழுக்க ஆறவே இல்லை.

காரணம், தீப்பெட்டியில் பாதி அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதன் அடியில் பென்சிலால் 'சின்னம்' என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான். அந்த டப்பா காலியாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் இருந்த, நுண்ணிய ஓட்டைகளால் உருவம் வெட்டிய சில்லு மூன்று வாரமாக லேசர் அறையின் இரும்புப் பெட்டிக்குள் மாட்டியிருப்பதாகக் குறிப்பேடு சொன்னது. மூடியைத் திறந்தால், தொட்டிலில் தூங்கும் பிள்ளை மாதிரி சில்லு சுகமாக உள்ளேயே கிடந்தது. பக்கத்தில், கோழிக்கால் உருவம் வெட்டிய சில்லுக்காக 'கோழி' என்று எழுதிய டப்பாதான் காலி.

மூன்று வாரத்துக்கு முன் மின்சாரம் போன ஒரு மதியத்தில், கைபேசி வெளிச்சத்தில் அவள்தான் சில்லை மாட்டினாள். டப்பாவை மாற்றி எடுத்திருக்கிறாள். அந்தத் தவறை அவள் யார் மேலும் போடவில்லை. காது சூடானது அதற்காக இல்லை. அந்த மூன்று வாரமும் தன் முறையில் மட்டும் எடுத்த அளவுகளிலிருந்து பேராசிரியர் ஆனந்தகுமார் ஒரு படம் வரவழைத்திருந்தார். கல்லூரிச் சின்னம்: திறந்த புத்தகத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் ஆழ்துளைக் கிணற்று ரிக் கோபுரம். கல்லூரி வாசலில் உள்ள பலகையில்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. கோழியை உள்ளே வைத்தால் சின்னம் எப்படி வெளியே வரும்?

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் வழியில், ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் பெரிய செட்டுக்குப் பின்னால் இருந்தது கல்லூரி. செட்டும் கல்லூரியும் ஒரே ஆளுடையவை. ஆழ்துளைக் கிணறு போட்டே நாடு முழுக்கச் சுற்றிய சேர்மன் சண்முகவேல், ஒரு கூட்டத்தில் யாரோ "மேசை அளவிலேயே அதிதீவிரப் புற ஊதா ஒளி" என்று பேசக் கேட்டுவிட்டு வந்து, அப்படியொன்று நம் கல்லூரியிலும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வந்தது. அதை இயக்க ஆனந்தகுமார் வந்தார். அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகத் தமிழினி வந்து நான்கு வருடம் ஆகிறது.

அந்த அறையில் நடப்பது இதுதான். லேசரின் துடிப்பை ஆர்கான் வாயுவின் மேல் குவித்து அடித்தால், வாயு கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியைக் கக்கும். மகா பிடிவாதக்கார ஒளி அது. காற்றைத் தாண்டாது, கண்ணாடியையும் தாண்டாது. அதனால் எல்லாமே காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டிக்குள் நடக்க வேண்டும்; லென்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. சில்லில் வெட்டிய நுண்ணிய ஓட்டைகள் வழியாக ஒளி நுழைந்து, சிதறி, எதிரே உள்ள கேமராவில் ஒரு புள்ளிக்கோலமாக விழும். அந்தக் கோலத்திலிருந்து ஓட்டையின் உருவத்தைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் உருவத்தை ஊகித்து, அது கோலத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து, திருத்தி, மறுபடி பார்த்து, இப்படி ஆயிரம் தடவை போய்வந்தால் உருவம் மெல்லத் தெளியும்.

இதில் இன்னொரு வம்பு உண்டு. வாயு கக்குவது ஒரு நிறம் இல்லை, ஏழெட்டு. ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவில் கோலம் போட, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பிவிடும். ஆனந்தகுமார் பழகிய வழியில் போகிறவர். ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும் ஆடியை வைத்து, மற்ற நிறங்களைக் கொட்டிவிடுவார். வருவதே சொட்டுச் சொட்டாக வரும் ஒளி. அதிலும் முக்கால்வாசியைக் கொட்டினால் என்ன மிஞ்சும்?

தமிழினி எதையும் கொட்டவில்லை. துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குப் பின் மற்றொன்றை நம்ப முடியாத அளவு சின்னத் தாமதத்தில் அனுப்பினாள். தாமதத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால் கேமராவின் ஒவ்வொரு புள்ளியும் மங்கி மங்கி மின்னும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு தாளம். தாளங்களைப் பிரித்துவிட்டால் நிறங்கள் தாமாகப் பிரிந்துவிடும். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினாலும் அம்மாவின் குரல் தனியாகக் கேட்பதுபோல. இது வேலை செய்தது. படம் கொஞ்சம் சொரசொரவென்று வரும். ஆனால் உள்ளே இருப்பதுதான் வரும்.

வராதது ஒன்றே: ஆனந்தகுமாரின் ஒப்புதல்.

"சார், உள்ள இருந்தது கோழி."

ஆனந்தகுமார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "எந்தக் கோழி?"

"கோழிக்கால் சில்லு, சார். மூணு வாரமா அதுதான் உள்ள இருக்கு. சின்னம் டப்பாவுலயே இருக்கு."

டம்ளர் நின்றது. "மாட்டினது யாரு?"

"நான்தான். தப்பு என்னோடது. ஆனா நான் கோழியை மாட்டினா உங்க புரோகிராமுக்குச் சின்னம் எப்படித் தெரிஞ்சுது?"

"வெளிச்சம் கம்மியா இருக்கும்போது புரோகிராமுக்கு ஓர் எல்லை கொடுப்போம்மா. உருவம் இதுக்குள்ளதான் இருக்கும்னு. எல்லாரும் செய்யறதுதான்."

"எல்லை குடுக்கலாம் சார். நீங்க குடுத்தது எல்லை இல்லை, அச்சு. முதல் ஊகமும் சின்னம், எல்லையும் சின்னம். இப்ப நான் கேமராவை மூடி வச்சு, வெறும் இருட்டை எடுத்து, உங்க புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். இருட்டுலயும் சின்னம் வருது சார்."

ஆனந்தகுமார் கதவைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. அவர் மோசமான ஆள் இல்லை. சேலம் அம்மாபேட்டையிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வருகிறவர், மாணவர்களைப் பெயர் சொல்லித் திட்டாதவர். அதுதான் தமிழினிக்கு இன்னும் எரிந்தது. அயோக்கியன் செய்தால் ஒரு முறை கத்திவிட்டுப் போகலாம்.

"இங்க பார் தமிழினி. நாளைக்கே சரியான சில்லைப் போட்டா என்ன வரும்? இதேதான் வரும். வரப்போறதைக் கொஞ்சம் முந்திக் காட்டிட்டோம். அவ்வளவுதான்."

"சார்!"

"வெள்ளிக்கிழமைக்குள்ள மெயில்ல 'ஆம்' அழுத்திடு. உன் ஆய்வுச் சுருக்கம் என் மேசையிலதான் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டாத்தான் அது நகரும். ஞாபகம் வச்சுக்கோ."

அந்த மெயில் இரண்டு நாளாக அவள் கைபேசியில் இருந்தது. கட்டுரையை ஆனந்தகுமார் வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். முதல் பெயர் தமிழினி, கடைசிப் பெயர் ஆனந்தகுமார், நடுவில், நம்பினால் நம்புங்கள், சேர்மன் சண்முகவேல். 'நீங்கள் இக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் என்பதை உறுதி செய்கிறீர்களா?' என்று இதழ் ஒவ்வொருவரையும் கேட்டிருந்தது. கீழே இரண்டு பொத்தான்: ஆம், இல்லை. சேர்மனுக்காக அவருடைய ஆபீசில் யாரோ 'ஆம்' அழுத்திவிட்டார்கள். மிச்சம் அவள் ஒருத்தி.

'ஆம்' என்றால் டாக்டர் பட்டம். 'இல்லை' என்றால் நான்கு வருடம் மண். நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அப்பா கதிர்வேல், "இன்னும் எத்தனை நாளைக்கு அம்மிணி அந்த இருட்டையே போட்டோ புடிப்பே?" என்று கேட்கும்போதெல்லாம், "இந்த வருசம் முடிஞ்சுருமுங்கப்பா" என்று சொல்லிவந்த நான்கு வருடம்.

புதன்கிழமை அவள் பம்பு அறையில் நின்று தரையை ஓங்கி ஒரு உதை விட்டாள்.

"ஏனுங் மேடம், பம்பு பாவமுங்க. அதை ஏன் ஒதைக்கறீங்க?" என்றான் ரங்கன். வெற்றிடப் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவன். பதினைந்து வருடம் ரிக் வண்டியில் கம்ப்ரசர் மெக்கானிக்காக ராஜஸ்தான் வரை போய்வந்தவன். காற்றை அழுத்தித் தள்ளிய கை இப்போது காற்றை உறிஞ்சி எடுக்கிறது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிப்பான்.

"பம்பை ஒதைக்கலீங்க. தரையைத்தான்."

"தரையும் பாவந்தானுங்க. நாளைக்கு ஒறம்பரை எல்லாம் நடக்கோணுமல்ல?"

நாளைக்குத்தான் விருந்தாளிகளை அழைத்து ஆய்வகத்தின் திறப்பு விழா. நான்கு வருடமாக ஓடும் அறைக்கு இப்போது ரிப்பன். சுவரில் பெரிய திரை மாட்டி, அதில் அந்தச் சின்னத்தை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்கத் தமிழினிக்குப் பல்லெல்லாம் கூசியது.

"விழா நடக்கறதே நாளைக்குக் காலைலதான் தெரியுமுங்க" என்றான் ரங்கன். "சேர்மன் ஐயா கோயில்ல பூக் கேட்டுட்டுத்தான் வாராரு. செவப்பு வந்துச்சுன்னா தள்ளி வச்சுருவாரு. ரிக்கை எறக்கறதுக்கு முன்னாலயே பூக் கேக்கறவரு, ரிப்பனுக்குக் கேக்க மாட்டாருங்களா?"

பூக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, கலைத்து, சாமி முன்னால் போடுவார்கள். கட்டியவருக்கும் எது எதென்று தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது. எடுத்த பொட்டணத்தில் வெள்ளை இருந்தால் சம்மதம்.

தமிழினிக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ரங்கன் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவள் காதுச் சூடு சட்டென்று வேறு மாதிரி ஆனது. கட்டியவருக்கும் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது. இந்த அறையில் நான்கு வருடமாக அப்படி ஒரு சோதனை நடந்ததே இல்லையே!

"ரங்கண்ணா, பெட்டிக்குள்ள காத்தை உடுங்க. சில்லை எடுக்கோணும். பொறவு, அரளிப் பூ எங்க கெடைக்கும்?"

"செட்டுக்குப் பின்னால ரெண்டு நெறமும் இருக்குதுங்க" என்ற ரங்கன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க மேடம், மாலையா?" என்றான்.

வியாழக்கிழமை கோயிலில் வெள்ளை வந்தது. ஒன்பதே முக்காலுக்கு சேர்மன் சண்முகவேல் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயது, தேக்குக் கட்டை உடம்பு. பின்னால் விருந்தாளிகள், உள்ளூர்ச் செய்தித்தாள் நிருபர் கோகுல்ராஜ், கேமராக்காரர். ஆனந்தகுமார் கைகூப்பி முன்னால் வர, அவரைத் தாண்டிக்கொண்டு தமிழினி போய் நின்றாள். கையில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் அடியில் எதுவும் எழுதாத இரண்டு புதிய டப்பா. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பூப்பொட்டணம் நூலால் கட்டியிருந்தது.

"ஐயா, கோயில்ல கேட்டீங்க. மிசினுகிட்டயும் ஒருக்கா பூக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"தமிழினி, என்ன இது?" என்றார் ஆனந்தகுமார். குரல் கிரீச்சென்றது.

சேர்மனின் கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது. "இருங்க சார். அம்மிணி என்னமோ சொல்லுது. சொல்லு சாமி."

"ஒரு டப்பாவுல நம்ம சின்னம் வெட்டுன சில்லு. அதுல வெள்ளைப் பூ கட்டியிருக்குது. இன்னொண்ணுல வேற சில்லு. அதுல செவப்பு. நான் கட்டுனேன். நான் வெளியே போயி நின்னப்புறம் ரங்கண்ணன் தட்டுல போட்டுக் கலைச்சாரு. இப்ப எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. சில்லைக் கண்ணால பாத்தாலும் தெரியாதுங்க, ஓட்டை அத்தனை பொடிசு. நீங்க ஒண்ணை எடுங்க. பூவைப் பிரிக்காம உங்க சட்டைச் சோப்புல வச்சுக்கங்க. சில்லை உள்ள மாட்டறோம். முதல்ல சாரோட புரோகிராம் சொல்லட்டும், பொறவு என்னோடது சொல்லட்டும். கடைசில பூவைப் பிரிங்க."

"ஐயா, அதுக்கெல்லாம் நேரம்..." என்று ஆனந்தகுமார் தொடங்கினார்.

"நேரத்துக்கு என்னங் சார்? விருந்து முடியறதுக்கே ரெண்டு மணியாகும்" என்ற சேர்மன், கண்ணை மூடி, உதடு எதையோ முணுமுணுக்க, ஒரு டப்பாவை எடுத்தார். நூலை அறுத்துப் பூப்பொட்டணத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். விருந்தாளிகள் கைதட்டினார்கள். திரையில் சின்னம் ஓடிக்கொண்டேயிருந்தது.

ரங்கன் சில்லை மாட்டினான். பம்பு மேல்சுருதிக்கு ஏறியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றை உறிஞ்சிய பிறகு லேசரைத் திறந்தார்கள். முதல் அரைமணி ஆனந்தகுமாருக்கு. ஆடியை உள்ளே தள்ளி, ஒற்றை நிறத்தில் எடுத்தார். பிறகு புரோகிராமின் முன் உட்கார்ந்தார். அதில் 'எல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. தட்டினால் சின்னத்தின் அச்சு உள்ளே போகும். தட்டாவிட்டால் போகாது.

தமிழினி அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவருடைய விரல் மவுசின் மேல் வெகுநேரம் சும்மா இருந்தது. தட்டாதீர்கள் சார், என்று அவள் மனதுக்குள் சொன்னாள். மங்கலாகவே வரட்டும். வெறும் திட்டாக வரட்டும். அதை நான் யாரிடமும் கேலி பேச மாட்டேன்.

விரல் தட்டியது.

அவள் காதில் ரத்தம் குபுகுபுவென்று இரைந்தது. அவளுடைய முறை தொடங்கிய பிறகும் அது அடங்கவில்லை; இரைச்சல் காதுக்குள் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முப்பது படி போயிருந்தது. திரையில் கோலத்தின் மெல்லிய கோடுகள் கலங்கி ஆடின. வெளியே ஜமாப் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பேர், இடுப்பளவு மேளங்கள். கட்டடமே அதிர்ந்தது.

தமிழினி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். "நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

மேளத் தலைவர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். "ஐயாதான் அடிக்கச் சொன்னாருங்க அம்மிணி."

"நீங்க அடிச்சா உள்ள ஒளி ஆடுதுங்க!"

"ஆடுனா நல்லதுதானுங்க. எல்லாரும் ஆடத்தான் நாங்க அடிக்கறோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தமிழினி சிரிக்கவில்லை. "நாலு வருசமுங்க" என்றாள். "நாலு வருசமா ஒரு லாரி போனாலும் நின்னு, கதவைச் சாத்துனாலும் நின்னு எடுத்துக்கிட்டு இருக்கறேன். இன்னும் ஒண்ணரை மணி நேரம். அதுக்கு மேல நீங்க மலையே இடியற மாதிரி அடிங்க. நானும் வந்து ஆடறேன்."

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெறுங்கால், சிவந்த காது. குச்சியை இடுப்பில் செருகினார். "டேய், சாப்பாட்டுக்குப் போலாம் வாங்கடா. அம்மிணி சோலியை முடிக்கட்டும்."

கலங்கிய படிகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். பந்தி நடக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. ரங்கன் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றான், காய்ச்சல் பார்ப்பதுபோல. படி படியாகத் தாமதம் கூடியது. புள்ளிகள் மங்கி மின்னின. தாளங்கள் பிரிந்தன. பிரிந்த நிறங்கள் ஒவ்வொன்றையும் கணக்குக்குள் அனுப்பினாள். எல்லை என்று எதுவும் வரையவில்லை. உருவம் எங்கோ நடுவில் இருக்கிறது என்பதற்கு மேல் புரோகிராமுக்கு அவள் எதையும் சொல்லவில்லை.

இரண்டேகாலுக்கு எல்லோரும் வெற்றிலை மென்றபடி உள்ளே வந்தார்கள்.

ஆனந்தகுமார் தன் படத்தைத் திரைக்கு ஏற்றினார். சின்னம். புத்தகம், கோபுரம், நேராக, நிமிர்ந்து. கைதட்டல்.

தமிழினி தன்னுடையதை ஏற்றினாள். முதலில் வெறும் புகை. நூறாவது சுற்றில் புகை நடுவில் ஒன்றுகூடியது. நானூறாவது சுற்றில் அதற்குக் கை முளைத்தது. எழுநூறில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூன்று விரல் ஒரு பக்கம், ஒரு விரல் எதிர்ப்பக்கம். ஓரமெல்லாம் சொரசொரப்பு. சில்லில் மேலே பார்க்க வெட்டிய விரல் மூன்றும் இங்கே கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

"கோழிக்காலுதானுங்களே இது?" என்றார் ஒரு விருந்தாளி. நாமக்கல்காரர் போலும்.

"தலைகீழா வந்திருக்கு பாருங்க" என்றார் ஆனந்தகுமார் அவசரமாக. "இதைத்தான் நான் சொல்லிட்டே இருக்கேன். இவங்க முறை இன்னும் பக்குவப்படலை."

"தலைகீழா வரலாம் சார்!" தமிழினியின் குரல் அறையை நிறைத்தது. "லென்ஸ் இல்லாம எடுத்தா ஒரு உருவமும் அதைத் திருப்பிப் போட்டதும் கேமராவுல ஒரே கோலந்தான் போடும். எது நேருன்னு கோலத்தைப் பாத்து யாருக்கும் தெரியாது. அது உங்களுக்கும் தெரியும். பத்துத் தடவை ஓட்டுனா அஞ்சு தடவையாச்சும் தலைகீழா வரோணும். உங்க சின்னம் ஒரு தடவைகூடத் தலைகீழா வந்ததில்லையே, ஏனுங் சார்?"

சேர்மன் சட்டைப் பையிலிருந்து பொட்டணத்தை எடுத்தார். உடம்புச் சூட்டில் காகிதம் கசங்கியிருந்தது. பிரித்தார்.

செவ்வரளி.

அவர் பூவைப் பார்த்தார். அப்புறம் ஆனந்தகுமாரைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பாராமல், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எடப்பாடிப் பக்கம் நமக்கு ஒரு தண்ணி பாக்கற ஆளு இருந்தான் சார். தேங்காயை உள்ளங்கையில படுக்க வச்சுக்கிட்டுக் காடு பூராவும் நடப்பான். தண்ணி இருக்கற எடத்துல தேங்காய் எந்திரிச்சு நிக்கும். இவனுக்கு எங்க நின்னாலும் எந்திரிக்கும். பாறை மேல நின்னாலும் எந்திரிக்கும். என்ற ஊட்டு ஆசாரத்துத் தரையில நிறுத்துனேன், அங்கயும் எந்திரிச்சுது! அவன் பேச்சைக் கேட்டு ஆயிரத்தி எரநூறு அடி போட்டேன். வெறும் புழுதி." வெற்றிலைச் சாற்றைத் துடைத்துக்கொண்டார். "உங்க புரோகிராமும் அந்தத் தேங்காய்தானுங் சார்."

ஆனந்தகுமாரின் முகம் தொங்கிப்போனது. தமிழினிக்கு ஒரு கணம் காது ஆறியது. இந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. படிக்காதவர், ஆனால் இங்கே இருக்கும் எல்லோரையும்விட முழுசாகப் புரிந்துகொண்டவர்.

"ஐயா, நாளைக்குப் பேப்பருக்கு எந்தப் படத்தைப் போடறதுங்க?" என்று கேட்டார் கோகுல்ராஜ்.

"இதென்ன கேள்வி? சின்னத்தைத்தான்" என்றார் சேர்மன். "கோழிக்காலைப் போட்டா ஊரே சிரிக்கும்."

முதலில் தமிழினிக்குத் தான் கேட்டது சரிதானா என்றே தெரியவில்லை. "ஐயா?"

"ஏன் சாமி?"

"அந்தத் தேங்காய்க்காரனை நீங்க என்னங்க பண்ணுனீங்க?"

"காட்டை உட்டுத் தொரத்துனேன்."

"தொரத்திப்போட்டு, பொறவு ஏனுங்க அவன் சொன்ன எடத்துலயே ரிக்கை நிறுத்தறீங்க?"

சேர்மனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவரிடம் யாரும் இப்படிப் பேசி ரங்கன் பார்த்ததில்லை. பம்பின் மேலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அம்மிணி, நீ கெட்டிக்காரி. இல்லைன்னு சொல்லலை. ஆனா நெம்பத்தான் கோவப்படறே. நாம என்ன இல்லாததையா சொல்றோம்? சின்னம் வெட்டுன சில்லு இருக்குதல்ல, அந்த இன்னொரு டப்பாவுல? அது பொய்யா?"

"இல்லீங்க. இருக்குதுங்க" என்றாள் தமிழினி. "டப்பாவுலதான் இருக்குது."

"பொறவென்ன? சாருக்கும் பேரு, உனக்கும் பட்டம், காலேசுக்கும் மானம். சார், நீங்க அம்மிணி காயிதத்துல இன்னைக்கே கையெழுத்துப் போட்டுருங்க." சொல்லிவிட்டு அவர் செவ்வரளியைக் குப்பைக்கூடையில் போட்டார். விருந்தாளிகள் வாசலை நோக்கித் திரும்பினார்கள். கேமராக்காரர் திரையில் மறுபடி சின்னத்தை ஏற்றச் சொன்னார். ஆனந்தகுமாரே போய் ஏற்றினார்.

அவள் பொய்யை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். பொய்யைப் பொய் என்று கண்டுபிடித்து, அதற்காகச் சிரித்து, கதையும் சொல்லிவிட்டு, பிறகு அதையே எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தெரியாத இருட்டை நான்கு வருடம் பொறுத்துக்கொண்டாள். தெரிந்த பிறகும் இருட்டை வேண்டுமென்று கேட்கிறவர்களை அரை நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை.

கைபேசியை எடுத்தாள். மெயிலைத் திறந்தாள்.

"தமிழினி." ஆனந்தகுமார் அருகே வந்து தணிந்த குரலில் சொன்னார். "யோசிச்சுக்கோம்மா. கையெழுத்துப் போட்டுத் தரேன். இப்பவே. பேனா கையிலதான் இருக்கு."

"ஒண்ணு சொல்லுங்க சார். எல்லையைத் தட்டும்போது உங்களுக்கு என்ன தோணுச்சு?"

அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ரங்கண்ணா" என்று கூப்பிட்டாள். "காத்தை உடுங்க. கோழியை எடுத்துட்டு இன்னொரு சில்லை மாட்டுங்க. அதுல என்னதான் இருக்குதுன்னு இன்னும் யாருமே பாக்கலை."

"இப்பவேங்களா மேடம்?"

"இப்பவேதானுங்க."

காற்று பெட்டிக்குள் சீறிக்கொண்டு புகுந்தது. வெளியே, சொன்ன சொல் தவறாமல், ஒன்றரை மணி நேரம் பொறுத்திருந்த ஜமாப் மேளம் மலையே இடிவதுபோல முழங்கத் தொடங்கியது. சுவரில் சின்னம் அதிர்ந்தது. தமிழினி 'இல்லை' என்ற பொத்தானை அழுத்தினாள். அவ்வளவு ஓங்கி அழுத்த வேண்டிய தேவை அதற்கு இல்லை.

திரை மாறி, 'காரணம்' என்று ஒரு கட்டம் வந்தது. அவள் ஒரே ஒரு வரி எழுதினாள்.

'படத்தில் தெரியும் பொருள், படம் எடுத்த மூன்று வாரமும் டப்பாவில் இருந்தது.'